மின்னலுக்குத் தேவை தில்லு இல்லை... நிதானம்!

"மின்னலை போட்டோ எடுக்கணும்னா லக்கு வேணும்டா மச்சான்!" என்பவர்கள் நம் விடுதியில் ஒரு கட்சி. "லக்கெல்லாம் சும்மா... தில்லு வேணும்! மொட்டை மாடி ஏறி நிக்கிற தில்லு!" என்பவர்கள் எதிர்க்கட்சி. புரட்டாசி பிறந்து, சாயங்காலம் வானம் கறுத்தால் போதும். இரண்டு கட்சிக்கும் வாக்குவாதம் தொடங்கிவிடும். கூடவே, கையில் மொபைலோடு மாடிப்படி ஏறுகிற கூட்டமும் கிளம்பிவிடும்.

நான் இந்த இரண்டு கட்சியிலும் இல்லை நண்பர்களே! மின்னல் படத்துக்கு லக்கு கொஞ்சம் போதும். தில்லு துளிகூட வேண்டாம். வேண்டியது கொஞ்சம் கணக்கு, நிறைய நிதானம். இன்னொன்றும் சொல்கிறேன், யோசித்துப் பாருங்கள். நல்ல படம் எடுக்க எது சரியான முறையோ, அதுவேதான் நம் உயிரைக் காப்பாற்றுகிற முறையும். கேமராவை ஆடாமல் வைப்பது, அதிலிருந்து கையை எடுத்துவிடுவது, மின்னல் தூரத்தில் இருக்கும்போதே எடுப்பது, கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பது... இதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கான யோசனை இல்லை. தொழில்நுட்பமே இதுதான்!

எப்படி என்று பார்ப்போம்.

எதிராளி யார்?

மேகத்திலிருந்து மின்னல் ஒரே பாய்ச்சலில் தரைக்கு வருவதில்லை. முதலில் ஒரு மங்கலான பாதை, சுமார் 50 மீட்டர், 50 மீட்டராகப் படி படியாக இறங்கி வருகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. அது தரையை நெருங்கும்போது மரம், கம்பம், கோபுரம், மாடியில் நிற்கிறவன் தலை என்று எது எது உயரமாக நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் மேல் நோக்கிச் சின்னச் சின்ன மின் இழைகள் கிளம்பும். அதில் ஒன்று மேலிருந்து வருவதைத் தொட்டுவிட்டால் வழி முழுமையாகிவிடும். உடனே தரையிலிருந்து மேகம் வரை பளீரென்று ஒரு வெளிச்சம், ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தோடு ஏறும். நாம் 'மின்னல்' என்று பார்ப்பது அதைத்தான். அதில் ஓடும் மின்சாரம் சாதாரணமாக 30,000 ஆம்பியர். நம் லேபில் 15 ஆம்பியர் ஃப்யூஸ் போனாலே என்ன கூத்து நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்!

அதே பாதையில் மூன்று நான்கு முறை மின்சாரம் மறுபடி மறுபடி பாயும். ஒவ்வொன்றுக்கும் நடுவே பெரும்பாலும் நொடியில் சுமார் இருபதில் ஒரு பங்கு இடைவெளி இருக்கும். மின்னல் துடிக்கிற மாதிரி தெரிவதற்குக் காரணம் இதுதான். ஆரம்பம் முதல் முடிவு வரை பெரும்பாலும் அரை நொடிக்குள் கதை முடிந்துவிடும்.

இப்போது சொல்லுங்கள். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அமுக்குவதற்கே கால் நொடி வேண்டும். அப்புறம் கேமரா கண்ணைத் திறக்க இன்னும் கொஞ்சம் நேரம். பார்த்துவிட்டு அமுக்குகிறவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கறுப்பு வானம்தான். மாடியில் நின்றால் என்ன, மலை உச்சியில் நின்றால் என்ன?

அதனால் அடிப்படை விதி ஒன்றே ஒன்று: மின்னல் வரும்போது கேமராவின் கண் ஏற்கெனவே திறந்திருக்க வேண்டும். மின்னலைத் துரத்தக் கூடாது. வலை விரித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தவர்கள்

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விதி இல்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் என்று ஒரு புகைப்படக்காரர். ஓவியர்கள் எல்லாரும் மின்னலை ரம்பப் பல் மாதிரி கோணல் மாணலாக வரைகிறார்களே, அது உண்மைதானா என்று அவருக்குச் சந்தேகம். 1882 செப்டம்பர் 2-ஆம் தேதி கண்ணாடித் தட்டில் அவர் பிடித்த படம், உலகின் முதல் மின்னல் புகைப்படங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. படத்தில் ரம்பப் பல் இல்லை. ஆற்றின் வரைபடம் மாதிரி, மரக்கிளை மாதிரி வளைந்து நெளிந்து பிரிந்து போகும் கோடுகள்தான் இருந்தன. மனிதன் காலங்காலமாகக் கண்ணால் பார்த்து வரைந்ததை ஒரு போட்டோ திருத்தியது!

அடுத்து இங்கிலாந்தின் சார்லஸ் வெர்னன் பாய்ஸ். மின்னலின் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அளக்க, லென்ஸ் சுழலும்படி ஒரு கேமராவை 1900 வாக்கில் அமைத்தார். அதில் உருப்படியான ஒரு படம் கிடைக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது! பிறகு 1930-களில் தென்னாப்பிரிக்காவில் பேசில் ஷோன்லாண்ட் குழுவினர் அதே வகைக் கேமராவை வைத்துத்தான், மேலே நான் சொன்ன 'படி படியாக இறங்கும்' கதையை உலகத்துக்குக் காட்டினார்கள். மின்னலைப் பற்றி நம் பாடப் புத்தகத்தில் இருக்கும் பல வரிகள் காத்திருந்தவர்களின் கேமராவிலிருந்து வந்தவை. அந்தப் பொறுமையில் நூறில் ஒரு பங்கு நமக்கு இருந்தால் போதாதா?

கேமரா வைத்திருப்பவர்களுக்கு

நம்மில் சிலரிடம் அண்ணன் வாங்கித் தந்த கேமரா இருக்கிறது. மாமாவின் பழைய ஃபிலிம் கேமரா பரணில் கிடப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்.

முதல் வேலை, கேமராவை ஸ்டாண்டில் பூட்டுவது. ஸ்டாண்ட் இல்லையா? ஒரு துணிப்பையில் மணலோ அரிசியோ நிரப்பி ஜன்னல் திட்டில் வைத்து, அதன்மேல் கேமராவைப் பதித்து வையுங்கள். ஃபேன் ஓடும்போது ஆடுகிற மேசை வேண்டாம். சிமெண்ட் திட்டு ஆடாது.

இரண்டாவது, ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுவது. இருட்டில் அது முன்னும் பின்னும் தேடித் தேடி ஏமாறும். தூரத்து டவர் விளக்கையோ தெருவிளக்கையோ பார்த்துக் கையாலேயே ஃபோகஸ் செய்து, அப்புறம் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். கேமராவின் ஃப்ளாஷையும் அணையுங்கள். மின்னலுக்கு நாம் ஃப்ளாஷ் அடிக்க வேண்டாம், அதுவே ஒரு ஃப்ளாஷ்தான்!

மூன்றாவதுதான் பலருக்குக் குழப்பம். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் மின்னல் கோட்டின் பிரகாசம் மாறாது. மின்னல் வந்து போவது கண நேரம். அதற்கு முன்னும் பின்னும் ஷட்டர் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன? கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் துளையும் ஐ.எஸ்.ஓ.-வும் மட்டுமே. ஷட்டர் நேரம் தீர்மானிப்பது பின்னணியை, அதாவது வானம், கட்டடம், தெருவிளக்கு இவை எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதை. கல்யாண வீட்டில் ஃப்ளாஷ் அடித்துப் படம் எடுக்கும் ஸ்டூடியோ அண்ணனைக் கேளுங்கள், இதையே சொல்வார்.

ஆக, இரவில் ஐ.எஸ்.ஓ. 100. தூரத்து மின்னலுக்குத் துளை எஃப் 5.6. நெருங்க நெருங்க எஃப் 8, எஃப் 11. ஷட்டர் 15 முதல் 30 நொடி. கோடு வெள்ளையாக வீங்கித் தெரிந்தால் துளையைச் சுருக்குங்கள். கோடு சரி, ஆனால் வானம் வெளுத்திருக்கிறது என்றால் நேரத்தைக் குறையுங்கள். இந்த இரண்டு வரி மனப்பாடமாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

'பல்ப்' வசதி இருந்தால் இன்னொரு வித்தையும் உண்டு. ஷட்டரைத் திறந்தே வைத்துக்கொண்டு, லென்ஸ் முன்னால் கறுப்பு அட்டையைப் பிடியுங்கள். மேகம் துடிக்கத் தொடங்கும்போது அட்டையை விலக்கி, ஒரு வெட்டு விழுந்ததும் மறுபடி மூடுங்கள். இப்படி மூன்று நான்கு மின்னலை ஒரே படத்தில் சேர்க்கலாம். சார்ட் பேப்பர் மிச்சம் இருக்கிற நமக்கு இது இலவச வித்தை!

கண்ணாடி ஜன்னல் வழியாக எடுத்தால் அறை விளக்கை அணைத்துவிடுங்கள். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல வைத்துச் சுற்றிலும் கறுப்புத் துணியைப் போர்த்துங்கள். இல்லாவிட்டால் மின்னலுக்குப் பதிலாக ரூம்மேட் முகம்தான் விழும்.

இதையெல்லாம் செய்த பிறகும் என் கணக்கைக் கேளுங்கள். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி 90 படம் எடுத்தேன். மின்னல் விழுந்தது ஆறில். பார்க்கிற மாதிரி இருந்தது இரண்டு. லக்கு கொஞ்சம் போதும் என்று நான் சொன்னது இதைத்தான்.

மொபைல் மட்டும் இருப்பவர்களுக்கு

கவலை வேண்டாம். பல மொபைல்களில் 'ப்ரோ' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் லென்ஸ் துளையை மாற்ற முடியாது என்பதால் ஐ.எஸ்.ஓ. ஒன்றுதான் நம் கையில். 50 அல்லது 100 வையுங்கள். ஷட்டர் 4 முதல் 10 நொடி. ஃபோகஸ் மலைப் படம் போட்ட முனையில். 2 நொடி டைமர் வைத்துவிட்டால் விரல் பட்டு ஆடுவதும் இல்லை.

'நைட் மோட்' தானாக எடுத்துக்கொள்ளுமே என்று கேட்பீர்கள். அது பல படங்களை எடுத்துக் கலந்து ஒன்றாக்குகிற முறை. மின்னல் அதில் ஒரு படத்தில்தான் இருக்கும். மென்பொருள் அதை மங்கடித்துவிட வாய்ப்புண்டு.

வீடியோ எடுத்துவிட்டு அதிலிருந்து ஒரு ஃப்ரேமைப் பிரித்தெடுப்பது சுலபமான வழி. ஆனால் சில ஃப்ரேமில் மேல் பாதி வெளுத்தும் கீழ்ப் பாதி இருட்டாகவும் இருக்கும். மொபைல் கெட்டுப்போகவில்லை! சென்சார் படத்தை ஒரே நேரத்தில் வாங்குவதில்லை, வரி வரியாக வாங்குகிறது. பாதி வரி வாங்கியபோது மின்னல் வந்து போயிருக்கிறது, அவ்வளவுதான்.

மின்னணுவியல் துறைக்கு ஒரு வார்த்தை

பகலில் ஷட்டரை 20 நொடி திறந்துவைத்தால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். அங்கேதான் 'ட்ரிகர்' தேவை. ஒரு போட்டோடையோடு, நிலையான பகல் வெளிச்சத்தை வடிகட்டத் தொடர் இணைப்பில் ஒரு கெப்பாசிட்டர், திடீர் மாற்றத்தை மட்டும் பிடிக்க ஒரு கம்பேரட்டர், ஒரு 555 ஐ.சி., கேமராவின் ரிமோட் முனைக்கும் நம் சர்க்யூட்டுக்கும் நடுவில் ஓர் ஆப்டோகப்ளர். ஆர்டுயினோ வைத்தும் செய்யலாம். சோதித்துப் பார்க்க மழைக்காகக் காத்திருக்க வேண்டாம், இன்னொரு கேமராவின் ஃப்ளாஷ் போதும்.

"மின்னல் முடிஞ்ச பிறகுதானே ட்ரிகர் அடிக்கும்?" நல்ல கேள்வி. மூன்று நான்கு முறை பாய்கிறது என்று சொன்னேன் அல்லவா? முதல் பாய்ச்சல் ட்ரிகரைத் தட்டும். கேமரா விழிப்பதற்குள் இரண்டாவது மூன்றாவது பாய்ச்சல் வரும். அதுதான் படத்தில் விழும். ஒரே பாய்ச்சலோடு முடிகிற மின்னல் தப்பித்துவிடும். போகட்டும்.

வருஷா வருஷம் அதே தானியங்கித் தெருவிளக்கு, அதே தண்ணீர்த் தொட்டி அலாரம் என்று ப்ராஜெக்ட் செய்கிற நாம், இதை ஏன் ஒரு முறை முயலக் கூடாது?

எண்ணத் தெரிந்தால் போதும்

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணி, மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். இது பள்ளிக்கூடத்துப் பாடம்தான். ஆனால் படத்தோடு சேர்த்தால் அது சர்வே பாடமாகிவிடும், சிவில் நண்பர்களே!

உதாரணம் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸ். சென்சாரில் மின்னலின் உயரம் 6 மி.மீ. இடி கேட்டது 36 நொடி கழித்து. அப்படியானால் தூரம் 12,240 மீட்டர். அதை 6-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால், மேகத்திலிருந்து தரை வரை நமக்குத் தெரிந்த மின்னலின் உயரம் சுமார் 1,470 மீட்டர்! ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டே மேகத்தின் அடிவயிற்றை அளந்துவிட்டோம்.

"இப்போதான் கம்ப்யூட்டரில் நாலு வார்த்தை தட்டினா மின்னல் படத்தை அதுவே வரைஞ்சு தருதே, இவ்வளவு கஷ்டம் எதுக்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தப் படத்தில் இந்தக் கணக்கைப் போட முடியுமா? அதில் தூரமும் கிடையாது, நேரமும் கிடையாது. ஜென்னிங்ஸ் காலத்து ஓவியர்களின் ரம்பப் பல்லைப் போல அதுவும் ஒரு கற்பனைதான். நம் படம் அப்படியில்லை, ஓர் அளவீடு. டிப்ளமோ படிக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் புரிய வேண்டாமா?

இனி விஷயத்துக்கு வருகிறேன்

2021 ஜூலை 11-ஆம் தேதி ராஜஸ்தானில், ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டையை ஒட்டிய காவல் கோபுரத்தில் மின்னல் விழுந்து குறைந்தது 11 பேர் இறந்தார்கள். மழையை ரசிக்கவும் செல்ஃபி எடுக்கவும் ஏறியவர்கள் அதில் பலர். மொபைல் மின்னலை இழுத்தது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். அது தப்பு. மொபைல் மின்னலை இழுக்காது, கேமராவும் இழுக்காது. உயரமான இடத்தில் திறந்த வெளியில் நிற்கும் மனிதன்தான் மின்னலுக்கு வழி போட்டுக்கொடுக்கிறான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். நம் நாட்டில் வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல் மின்னலால் சாகிறார்கள். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். நாற்று நட்டுக்கொண்டிருந்தவர், ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர். நம் ஊரில் 'இடி விழுந்து செத்தான்' என்று சத்தத்தின் மேல் பழி போட்டு முடித்துவிடுகிறோம். வயலில் நின்றவருக்குக் கூலி போய்விடுமே என்ற கவலை. ஒதுங்கப் பக்கத்தில் ஒரு கட்டடம் கிடையாது. அவருக்கு வேறு வழி இல்லை. நமக்கு வழி இருக்கிறது. இருந்தும் ஒரு படத்துக்காக மாடி ஏறுகிறோம் என்றால் அதற்குப் பெயர் தில்லா?

விதி இதுதான். 30 வரை எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த வெட்டு உங்கள் தலைக்கு மேலேயே இருக்கலாம். சொல்லப்போனால், இடிச் சத்தம் காதில் விழுந்தாலே உள்ளே போய்விடுவது உத்தமம். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது. 'உள்ளே' என்றால் காங்கிரீட் கட்டடத்துக்குள், அல்லது கதவு கண்ணாடி மூடிய காருக்குள். சைக்கிள் ஷெட், பஸ் ஸ்டாப் நிழற்குடை, மரத்தடி, பால்கனி இதெல்லாம் 'உள்ளே' இல்லை. உள்ளே இருந்து எடுக்கும்போதும் ஜன்னல் கம்பியில் கை வைக்காதீர்கள். சார்ஜரில் செருகிய மொபைலைப் பிடிக்காதீர்கள். கேமராவைத் திட்டில் வைத்து, தொடர்ந்து எடுக்கும்படி அமைத்துவிட்டு, நாலடி தள்ளி உட்காருங்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலியை மொபைலில் போட்டுவைத்தால், சுற்றுவட்டாரத்தில் மின்னல் எங்கே விழுகிறது என்று அதுவே காட்டும்.

"ஜன்னலுக்குள்ளே இருந்து எடுத்தா த்ரில் எங்கே இருக்கு?" என்பீர்கள். தலைக்கு மேலே வெட்டும் மின்னலை எந்த லென்ஸாலும் முழுசாகப் பிடிக்க முடியாது. வேர் முதல் கிளை வரை முழு மரமாக மின்னல் தெரிவது தொலைதூரத்தில் இருக்கும்போதுதான். அந்தத் தூரத்தில் மழை லென்ஸில் அடிக்காது, காற்று ஸ்டாண்டை ஆட்டாது. அழகான படமும் அங்கேதான், பாதுகாப்பும் அங்கேதான்.

பேரவைக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று: புகைப்படப் போட்டிக்கு வரும் மின்னல் படங்களோடு எங்கிருந்து எடுத்தது, துளை எவ்வளவு, நேரம் எவ்வளவு, இடி எத்தனை நொடி என்று எழுதிய சீட்டும் வர வேண்டும். மொட்டை மாடிப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பரிசு கிடையாது என்று அறிவியுங்கள். உயரத்துக்குப் பரிசு கொடுத்தால், அடுத்த வருஷம் இன்னொருவன் இன்னும் உயரம் ஏறுவான். இரண்டு: பேரவை நிதியில் ஒரு ஸ்டாண்ட் வாங்கி நூலகத்தில் வையுங்கள். கேட்பவருக்கெல்லாம் கொடுக்கலாம். மூன்று: மழைக்காலம் தொடங்குமுன் முதலாண்டுத் தம்பி தங்கைகளுக்கு ஒரு மணி நேர வகுப்பு. எடுக்க நான் தயார்!

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம்மில் பாதிப் பேருக்கு மேல் வயக்காட்டு வீடுகளிலிருந்து வந்தவர்கள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது நீங்கள் எடுத்த மின்னல் படத்தை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காட்டுங்கள். "எவ்ளோ தூரத்துலப்பா இது?" என்று நிச்சயம் கேட்பார்கள். அப்போது எண்ணுகிற கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பது பாட்டி காலத்துப் பழக்கம். சொல்லட்டும், தப்பில்லை. கூடவே மின்னல் வெட்டியதும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணவும் பழகட்டும். முப்பதுக்குள் இடித்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வரட்டும். நீங்கள் எடுத்த படம் அந்த ஒரு பழக்கத்தை உங்கள் வீட்டில் கொண்டுவந்தால், எந்தப் போட்டியின் முதல் பரிசும் அதற்கு ஈடாகாது.

ஐப்பசி வரப்போகிறது நண்பர்களே. ஜன்னல் கண்ணாடியை இப்போதே துடைத்து வையுங்கள்!

— மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை